சிறைக் கொட்டடியில் பிறந்த கூட்டு

பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் படத்தைப் பற்றி எழுத இங்கே இடம் எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு எழுதாமலிருக்க முடியவில்லை.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அந்தத் தொடர், 2005 முதல் 2008 வரை அமெரிக்காவின் நிக்கலோடியன் டெலிவிஷனில் 61 பகுதிகளாக வந்தது. நீரையும் நிலத்தையும் நெருப்பையும் காற்றையும் ஆட்டிப் படைக்கும் வித்தை தெரிந்தவர்கள் வாழும் கற்பனை உலகம் அது. அந்த உலகத்தையே விழுங்கிவிட நெருப்பு நாடு நூறு வருஷமாக யுத்தம் நடத்துகிறது. அதற்குப் பணியாமல் நிற்கும் பெரிய நகரம், மண் ராஜ்யத்தின் தலைநகரான பா சிங் சே.

நெருப்பு நாட்டுத் தளபதி ஐரோ 600 நாள் முற்றுகையிட்டான். வெளி மதிலை உடைத்தும் நகரத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான். பிறகு மதிலைத் துளைக்க மலை போன்ற ஓர் இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். அதுவும் உடைந்து கிடந்தது. அப்பேர்ப்பட்ட நகரம் கடைசியில் எப்படி விழுந்தது? ஒரு சிறைக் கொட்டடியில் இருவர் பேசி முடித்த ஒப்பந்தத்தால் விழுந்தது!

நகரத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். உள்ளே மூன்று வளையங்கள். மேல் வளையத்தில் செல்வர்களும் அரண்மனையும். நடு வளையத்தில் கடைகளும் சர்வகலாசாலையும். கீழ் வளையத்தில் கையால் உழைத்துப் பிழைப்பவர்களும், யுத்தத்தால் வீடு வாசல் இழந்து ஓடி வந்த அகதிகளும். நகரத்தை உண்மையில் ஆண்டவன் ராஜா குவேய் அல்ல, மந்திரி லாங் ஃபெங். அவன் கையில் டாய் லீ என்ற ரகசியப் போலீஸ் இருந்தது. நகருக்குள் யுத்தம் என்ற பேச்சே எழக்கூடாது என்பது அவன் கட்டளை. மீறியவர்களை ஏரிக்கு அடியிலிருந்த ரகசியக் கூடத்துக்குக் கொண்டுபோய் மூளையைக் கலக்கி அனுப்புவார்கள். டீக்கடையில் நெருப்பு நாட்டார் இருக்கிறார்கள் என்று ஜெட் என்ற வாலிபன் கூவினான். அவன் சொன்னது உண்மை. ஆயினும் பிடிபட்டது அவன்தான்! நூறு வருஷ யுத்தம் ராஜாவுக்கே தெரியாது என்றால் மற்றதை நீங்களே யோசித்துக் கொள்ளலாம்.

குட்டு வெளிப்பட்டது. லாங் ஃபெங் சிறைக்குப் போனான். அதே சமயம் நெருப்பு நாட்டு இளவரசி அசூலா மாறுவேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்திருந்தாள். எந்த எதிரியின் பெயரை உச்சரிக்கவும் ஜனங்களுக்குத் தடை போட்டானோ, அந்த எதிரியோடு பதவிக்காகக் கைகோத்தான் லாங் ஃபெங். ராஜாவைக் கவிழ்க்க அவள் உதவ வேண்டும். அவதாரான ஆங் என்ற சிறுவனை இவன் அவளிடம் பிடித்துக் கொடுப்பான். காரியம் முடிந்ததும் அவளையே கைது செய்துவிடலாம் என்பது அவன் மனக்கணக்கு. அதற்காக டாய் லீ ஆட்களை அவளிடம் ஒப்படைத்தான்.

ராஜா கவிழ்ந்தார். தளபதிகள் பிடிபட்டார்கள். லாங் ஃபெங் வந்து, “இவளைப் பிடியுங்கள்” என்றான். ஒருவனும் அசையவில்லை. ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்து ஏறி வந்தவன் நீ, ஆளும் உரிமையோ பிறப்பிலேயே வருவது என்று அசூலா அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். என்ன திமிர்! ஆனால் அந்தத் திமிருக்குத்தான் டாய் லீ தலை வணங்கியது. அதில் வியப்பென்ன? கூலிக்கு மாரடிப்பவன் இழவு யார் வீட்டில் என்றா பார்ப்பான்? பின்னர் நகரத்தின் பெரு மதில்களை இடித்துத் தள்ளியதும் அதே டாய் லீதான். வேலியே பயிரை மேய்ந்தது.

எதிரி முகாமிலிருந்து வருபவனோடு சேரவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அசூலாவின் அண்ணன் ஜூக்கோவைப் பாருங்கள். பா சிங் சேயில் தங்கையோடு சேர்ந்து துரோகம் செய்தவன், பிறகு தகப்பனை விட்டு விலகி ஆங்கின் குழுவிடம் வருகிறான். வா தம்பி என்று யாரும் கட்டிக்கொள்ளவில்லை. உங்களைக் கொல்ல ஆள் அனுப்பியது நான்தான் என்று அவனே ஒப்புக்கொண்டான், விரட்டினார்கள். அந்தக் கொலைகாரன் வந்தபோது அவனைத் தடுக்க உயிரைப் பணயம் வைத்தான். அதன் பிறகும் ஆங் தானாக முடிவு செய்யவில்லை. டாஃப், சாக்கா, கட்டாரா என்று ஒவ்வொருவரையும் கேட்ட பிறகே சேர்த்துக்கொண்டான். அப்போதும் கட்டாரா தனியே போய், ஓர் அடி பிசகினால் உன்னை விடமாட்டேன் என்று எச்சரித்துவிட்டு வந்தாள். சந்தேகம் கூட்டைக் கெடுத்துவிடும் என்பார்கள் சில பெரியவர்கள். இங்கே கட்டாராவின் சந்தேகம் அந்தக் கூட்டுக்குக் காவலாக நின்றது.

லாங் ஃபெங் யாரைக் கேட்டான்? கேட்கத்தான் யார் இருந்தார்கள்? நெருப்பு நாட்டின் கொடுமையை உடம்பில் தழும்பாகச் சுமந்த ஜனக்கூட்டம் கீழ் வளையம் முழுவதும் இருந்தது. அசூலா யார் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தால் அரண்மனை வாசலில் மதிலாக நின்றிருப்பார்கள். ஆனால் அவர்கள் வாயைப் பூட்டியவனே அவன்தான்.

கதை எழுதியவர்கள்மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. பின்னால் அந்த நகரத்தை மீட்கச் சில கிழ வீரர்களை அனுப்புகிறார்களே ஒழிய, கீழ் வளையத்து ஜனங்களின் கையில் ஒரு கல்லைக்கூடக் கொடுக்கவில்லை. மூன்று வளையத்தையும் அவ்வளவு நன்றாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இது தோன்றாமல் போனது ஏனோ!

அசூலா கதை என்ன ஆயிற்று? முடிசூட்டு நாளன்று அவளுக்கு யாரைப் பார்த்தாலும் துரோகியாகத் தெரிகிறது. லாங் ஃபெங்கைக் கைவிட்டவர்கள் என்னையும் கைவிடுவீர்கள் என்று சொல்லி, டாய் லீ ஆட்கள் அத்தனை பேரையும் நாடு கடத்திவிட்டு, காலி மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.