கணிப்பொறியின் நாட்குறிப்பும் கணக்கரின் மானமும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வார் தேசிங்குராசன் கதையைக் கேளாது மீள்வது அரிது. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்துப் பொருது மாண்ட அவ்விளைஞனது வீரத்தைக் கதைப்பாட்டு இன்றளவும் போற்றி வருகின்றது. எனினும், அன்று எது முன்னர் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது என்று நுணுகி வினவுவார்க்குப் பாட்டு விடை கூறாது. பாட்டு உணர்ச்சியைக் காக்குமேயன்றி நிகழ்ச்சி முறையைக் காவாது.

இதற்கு மறுதலையாக நின்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர் 1750இல் செஞ்சியைக் கைப்பற்றிய காலத்துப் புதுவையில் தூப்ளேயின் துபாஷியாய் விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். கப்பல் வரவும், சரக்கு விலையும், அரசியற் சூழ்ச்சியும், ஊர் வம்பும் அதன்கண் நாள் குறித்து நிற்கின்றன. சென்னை அரசாங்கத்தார் அதனை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டனர். வணிகர் ஒருவர் நாள்தோறும் எழுதிய குறிப்பு, அரசர் வரலாற்றுக்கே சான்றாயிற்று.

நிற்க. தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். குறிப்பெழுதுவதும், குறிப்புக்களை ஒப்புநோக்கி உண்மை காண்பதும் எம் துறைக்கு உரியனவே என்பது என் விடை. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடு பல தொகுத்துப் பாடபேதம் கண்ட முறைக்கும், பழுதுபட்ட மென்பொருளின் குறிப்புக்களைத் தொகுத்துக் காரணம் காணும் முறைக்கும் அடிப்படையில் வேற்றுமை சிறிதே.

வணிக மென்பொருள் பெரும்பாலும் தான் செய்வதைத் தானே எழுதி வைக்கின்றது. இன்ன மணிக்கு, இன்னார் பெயரால், இன்ன செயல் நடந்தது அல்லது தவறியது என்று வரிவரியாக அமைந்த அக்குறிப்பை 'லாக்' என்பர். அதனை விரும்பிப் படிப்பார் ஒருவருமிலர். பழுது நேர்ந்துழியே அதன் அருமை புலப்படும்.

என் தாய்மாமன் செஞ்சியில் அரிசி மண்டி நடத்துகின்றார். சென்ற ஆண்டு சில நாட்களில் மாலையில் கல்லாப் பணம் கணக்கினும் குறைந்து காணப்பட்டது. பன்னிரண்டாண்டு உழைத்த கணக்கர் அண்ணன்மீது ஐயம் விழுந்தது. வாய்விட்டு ஒருவரும் பழி கூறிற்றிலர். ஆயினும், பெட்டிச் சாவி அவர் கையினின்றும் நீங்கிற்று. அவர் மதிய உணவைக் கடையில் உண்பதையும் விட்டார். மென்பொருளாரை அழைத்தபோது, முதலில் வந்தவர், "எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்றார். அவ்வாறு செய்திருப்பின் பழைய குறிப்பும் உடன் அழிந்திருக்கும். நல்வினையாக, இரண்டாமவர் கல்லாக் கணிப்பொறி, மையக் கணிப்பொறி ஆகிய இரண்டின் லாக் கோப்புக்களையும் முதலிற் படியெடுத்துக்கொண்டார். இரு கடிகாரங்களும் ஏழு நிமிடம் வேறுபட்டிருந்தமையால் ஒரே நிகழ்ச்சி இரண்டிடத்தும் இரண்டாகத் தோன்றிற்று. அவ்வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. மின்சாரம் நொடிப்பொழுது தடைப்படுங்கால், மையக் கணிப்பொறி பில்லை ஏற்றுக்கொண்ட செய்தி கல்லாவிற்கு எட்டவில்லை. கல்லா அதே பில்லை மீண்டும் அனுப்பிற்று. ஒரு விற்பனை இரண்டாகப் பதிவாயிற்று. குறைந்தது பணம் அன்று, கூடியது கணக்கு! சாவி அண்ணன் கைக்கு மீண்டது. ஆனால், அவர் முகத்தில் முன்னைய சிரிப்பு இன்னும் மீளவில்லை.

இஃதொரு சிறு கடையின் செய்தி. பிரிட்டன் தேசத்தில் அஞ்சல் துறையார் 1999 முதல் வழங்கிய 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருளின் கூற்றை நம்பி, சிற்றஞ்சலக நடத்துநர் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை புகுந்தனர். பலர் பொருளையும் பெயரையும் இழந்தனர். காரணத்தைக் காட்டவல்ல உட்பதிவுகள் அந்நடத்துநர் கையில் இல்லை. அவை துறையாரிடத்தும் மென்பொருள் நிறுவனத்தாரிடத்துமே இருந்தன. அம்மென்பொருளிற் பிழைகள் உண்டென 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் தனிச்சட்டம் இயற்றியே பலருடைய தண்டனையை நீக்கவேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் விதிகள் உள. பதிவு பெற்ற கம்பெனிகள் கையாளும் கணக்கு மென்பொருள், செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் குறிக்கவேண்டும். அக்குறிப்பை நிறுத்திவைக்க இயலாதிருத்தல்வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கணிப்பொறிப் பதிவுகளை 180 நாள் காத்தல்வேண்டும், கடிகாரங்களை ஒருப்படுத்தல்வேண்டும் என 2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' அமைப்பு நிறுவனங்களைப் பணித்தது. ஆயினும், கம்பெனியல்லாத மண்டிக்காரரைக் கணக்கு விதி கட்டுப்படுத்தாது. அவர்தம் அறிவே அவர்க்கு விதியாதல்வேண்டும்.

ஆதலின் என் கருத்து இது: பழுது கண்டவுடன் எதனையும் அழிக்கற்க. பழங்குறிப்பின்மேற் புதுக்குறிப்பு எழுதப்பட்டு மறையுமாதலின், காலந்தாழ்த்தாது படியெடுக்க. பழுது நேர்ந்த மணியையும், அப்போது செய்த செயலையும் தனித்தாளிற் குறிக்க. தொடர்புடைய கணிப்பொறி அனைத்தினின்றும் தொகுக்க.

வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் அக்கோப்பில் இருக்குமே. அயலார்க்கு அளிக்கலாமோ என்று தடை நிகழ்த்துவாருமுளர். தடை தக்கதே. வேண்டும் பகுதியை மட்டும், மறைக்கத்தக்கதை மறைத்து, நம்பத்தக்க வழியில் அனுப்புதல் கடன். இது தொழிலாளியை வேவு பார்ப்பதாகாதோ என்பது மற்றொரு தடை. முதலாளி மட்டும் படிக்கும் குறிப்பு வேவேயாகும். பழிக்கப்பட்டவனும் படித்துப் பார்க்கத்தக்க குறிப்போ அவனுக்குச் சாட்சியாகும். குறிப்பைக் காட்டாமல் ஒருவன்மீதும் குறை சாட்டலாகாது என்னும் வழக்கம் ஒவ்வொரு கடையிலும் அலுவலகத்திலும் ஏற்படல்வேண்டும்.

மாணவ அன்பர்காள்! நம்முட் பலர் நாளை கணக்கராகவும், மேலாளராகவும், மென்பொருள் ஆக்குவோராகவும் அமர்வோம். பொறி பிழைபட்டால் வறியவன் ஒருவன்மேற் பழி போடுவது எளிது. நான்கு கோப்புக்களைப் படிப்பது அரிது. அவ்வரியதனைச் செய்யும் பொறுமையே கற்றதன் பயனெனக் கொள்வோமாக.