‘மிக அருகில்’ என்னும் சொல்லும் நம் அமானத்தும்

புக்கத்துறை கூட்டுச்சாலையில் திரும்பி உத்திரமேரூருக்கு வரும் வழியெங்கும், நெல்வயல்களுக்கு நடுவே மனை விற்பனைப் பலகைகள் நிற்கின்றன. வண்ணங்கள் வேறு, நிறுவனப் பெயர்கள் வேறு. சொல் மட்டும் ஒன்றே. மிக அருகில். சென்னைக்கு மிக அருகில், வரவிருக்கும் விமான நிலையத்துக்கு மிக அருகில். சென்னைக்கும் உத்திரமேரூருக்கும் இடையே 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் விமான நிலையம் அறிவிக்கப்பட்ட பரந்தூருக்கு நாம் பாலாற்றைக் கடந்து போக வேண்டும். அங்கே ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்தையும் ஏரியையும் விட்டுத்தர மறுத்து ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டம் முடியும் முன்பே, அவர்களுடைய ஊரின் பெயரைச் சொல்லி இங்கே மனை விற்கப்படுகிறது.

விளம்பரத்துறையில் படைப்பாற்றல் வளர்ந்திருக்கிறது என்று பேசுகிறவர்கள் இந்தச் சாலையில் ஒருமுறை வந்துபோக வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே வளர்ந்திருப்பது அச்சு இயந்திரத்தின் வேகம் மட்டுமே.

ஒரு காலத்தில் இதே சாலையோரச் சுவர்களில் தூரிகை பிடித்தவர்கள் எழுதினார்கள். சுண்ணாம்பு பூசி, நூல் பிடித்துக் கோடு போட்டு, எழுத்தின் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று யோசித்து எழுதினார்கள். சுவரில் இடம் குறைவு. ஆகவே சொல்லை எண்ணித்தான் செலவழிக்க முடியும். ஃபிளெக்ஸ் வந்தது, ஒரே இரவில் நூறு பலகைகள் என்றாகி, எழுத்தாளனும் ஓவியனும் வெளியேறினார்கள். இப்போது அடுத்த கட்டம் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இரண்டு வரி சொன்னால் போதும். கரம்பு நிலத்தின் மீது நீரூற்றும் பூங்காவும் சிரிக்கும் குடும்பமும் முளைத்துவிடுகின்றன. அந்தப் படத்தில் இருக்கும் மரம் எந்த மண்ணிலும் வேர்விட்டதில்லை. ‘மாதிரிப் படம்’ என்ற சொல் பலகையின் மூலையில் எறும்பளவு எழுத்தில் இருக்கும், அதுவும் இருந்தால்.

விளம்பரம் என்பதே கூடாது என்பது நம் வாதம் அன்று. நல்ல பொருளை நல்ல சொல்லால் அறிமுகப்படுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. சில பேச்சில் சூனியம் போன்ற ஈர்ப்பு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. சொல்லின் வலிமையை அவர்கள் அறிந்திருந்தார்கள். அரபு இலக்கிய வரலாற்றில் ஒரு கதை உண்டு. மதீனாவுக்கு முக்காடுகள் கொண்டுவந்த வணிகர் ஒருவருக்கு எல்லா நிறமும் விற்றுப்போய், கறுப்பு மட்டும் தேங்கிவிட்டது. அவருடைய நண்பரான கவிஞர் தாரிமீ, கறுப்பு முக்காடு அணிந்த பெண்ணின் அழகைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பாட்டு ஊரெங்கும் பரவியது; கறுப்புத் துணி அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. துறவு வாழ்வுக்குப் போயிருந்த அந்தக் கவிஞர் அப்படிப் பாடியது சரியா என்று மார்க்க அறிஞர்கள் வேண்டுமானால் விவாதிக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. துணி கறுப்பாக இருந்தது, பாட்டும் அதைக் கறுப்பு என்றே சொன்னது.

நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1983இல் கடலூரில் சிறு தொழிலாகத் தொடங்கிய சிக் ஷாம்பு, பெரிய நிறுவனங்களோடு போட்டியிட்டுக் கிராமங்களைப் பிடித்தது எப்படி? ஊர் ஊராகப் போய், மக்கள் முன்னிலையில் தலையை அலசிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் தந்தார்கள். அதுதான் படைப்பாற்றல். பொருளை மறைக்காமல் வாங்குபவரின் கையிலேயே கொடுத்துவிடும் துணிவு அதில் இருந்தது.

மனை விளம்பரத்தில் இந்தத் துணிவு தலைகீழாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியைத் திறந்தால், சின்னத்திரை நடிகர் ஒருவர் வெட்டவெளியில் நின்று தங்கக் காசு, இலவச வாகன வசதி, இன்னும் சில மனைகளே மீதம் என்று அடுக்குகிறார். நிலத்தடி நீர் உப்பா நல்லதா, மழைக்காலத்தில் அந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், அந்த நிலம் எந்த ஏரியின் ஆயக்கட்டு என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. உத்திரமேரூர் ஏரிகளால் பிழைத்த ஊர். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகத்தின் பெயர் இன்றும் கல்வெட்டில் இருக்கிறது. இந்த மண்ணில் நீர் எங்கே போகும் என்பதை மறைத்துவிட்டு மனை விற்பவர், வீட்டோடு சேர்த்து வெள்ளத்தையும் விற்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த வணிகர் பொய்யான சொல் எதையும் சொன்னதாக அதில் இல்லை. உலர்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவுதான். இன்றைய விளம்பரக் கலையின் பெரும்பகுதி உலர்ந்ததை மேலே வைக்கும் கலைதான்.

இன்னொன்றும் நம் கிராமத்து மக்களுக்குச் சட்டென்று விளங்கும். சந்தைக்குக் கொண்டுபோகும் முன் பால் கறக்காமல் விட்டு, மடி கனத்துத் தெரியும்படி ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் விரும்பினால் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். நீரூற்றும் பூங்காவும் வரைந்த பலகை, கறக்காமல் விட்ட மடியைத் தவிர வேறென்ன? வாங்கும் எண்ணம் இல்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு, மற்றவரைத் தூண்டும் ‘நஜ்ஷ்’ என்ற செயலும் தடுக்கப்பட்டதே. கூலிக்கு எழுதப்படும் இணையப் பாராட்டும், விற்காத மனையை விற்றுவிட்டதாகக் காட்டும் வரைபடமும் அதன் இன்றைய வடிவங்கள்.

‘விளம்பரம் என்றால் மிகைப்படுத்தல் இருக்கத்தான் செய்யும், யாரும் அதை அப்படியே நம்புவதில்லை’ என்று துறைசார்ந்தவர்கள் சொல்வதுண்டு. யாரும் நம்பாத சொல்லுக்கு எதற்காக இத்தனை செலவு? நம்புகிறவர் இருக்கிறார். ரியாத்திலோ துபாயிலோ பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்க்கும் நம் சகோதரர் நம்புகிறார். அவரால் நேரில் வந்து மண்ணைப் பார்க்க முடியாது. மனைவியின் நகையையும் பல ஆண்டுச் சம்பளத்தையும் சேர்த்து முன்பணம் அனுப்புகிறார். பலகையின் தலையில் பிறையும் 786-ம் இருந்ததால் கூடுதலாக நம்புகிறார்.

நம் கோபம் முழுவதும் இந்த இடத்தில்தான். பிறர் செய்யும் விளம்பரத்தைக் குறைகூறுவது எளிது. ‘ஹலால் முதலீடு’, ‘வட்டியில்லாத் தவணை’, ‘பள்ளிவாசலுடன் கூடிய மனைப்பிரிவு’ என்று எழுதுகிறவர்கள் நம்மவர்கள். தவணைக்கு விலை கூடுவதைப் பல அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என்பதை மறைப்பதை யார் அனுமதித்தார்? பள்ளிவாசலுக்கு இடம் ஒதுக்கியதாகப் பலகை சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் வருவதில்லை. சொந்தமாக ஒரு சொல்லை உருவாக்கத் தெரியாதவர்கள், அல்லாஹ்வின் மார்க்கம் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் நம்பிக்கையை இரவல் வாங்கிப் பலகையில் ஒட்டுகிறார்கள். படைப்பாற்றல் செத்த இடத்தில்தான் இப்படிப்பட்ட இரவல் தேவைப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவு எண்ணும் இடம்பெற வேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து இழந்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரிலேயே தடை போட்டதும் நமக்கு நினைவிருக்கும். ஆனாலும் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் இன்றும் வாய்மொழியில் உலவுகிறது.

உத்திரமேரூர் என்றால் உலகம் நினைப்பது ஒரு சுவரை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, இன்றும் படிக்கும்படி நிற்கின்றன. யார் வாரியத்துக்கு வரலாம், யார் வரக்கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் எப்படி விலக்கப்படுவர் என்றெல்லாம் ஊரறியச் சொன்ன அறிவிப்பு அது. வேறு சமயத்தாரின் கோயிற்சுவர் என்பதால் அதன் நேர்மை நமக்கு அந்நியமாகிவிடாது. பொது இடத்தில் எழுதப்படும் சொல்லுக்கு எழுதியவரே பொறுப்பு என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் இருந்தது.

ஆகவே நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் நேரடியாகவே கேட்கிறோம். ரமலானுக்கு முன் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கும் ஸஹர், இஃப்தார் நேர அட்டையை எடுத்துப் பாருங்கள். மேற்பாதியில் நேரம் நிமிடக் கணக்கில் சரியாக இருக்கிறது. ஒரு நிமிடம் பிசகினால் நோன்பு என்னாகும் என்று அஞ்சி, இரண்டு மூன்று பேர் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதே அட்டையின் கீழ்ப்பாதியில் ‘மிக அருகில்’ என்று அச்சாகிறது. அதை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அச்சுச் செலவை விளம்பரதாரர் ஏற்கிறார் என்பது உண்மை. செலவு பெரிதென்றால் அட்டையைச் சிறிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் அடியுங்கள். விளம்பரம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், ரெரா பதிவு எண்ணையும், பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கிப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வையுங்கள். தர மறுப்பவருடைய பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஷஃபான் பிறந்ததும் அச்சகத்துக்குத் தாள் போய்விடும். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.