கத்தி பிடிக்கும் கைக்கும் தேர்வு வேண்டும்

காதில் சீழ் வடிந்து, எலும்பையும் அரிக்கத் தொடங்கிய பிறகுதான் நம் ஊர்களில் பலர் மருத்துவரிடம் போகிறார்கள். அவர்களுக்குக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை டிரில் வைத்துக் குடைந்து நோயை அகற்ற வேண்டும். அந்த எலும்புக்குள் முக நரம்பு வளைந்து ஓடுகிறது. மேலே மூளையின் உறை. பின்பக்கம் பெரிய ரத்தக் குழாய். உள்ளே உடம்பின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள். டிரில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் வாய் கோணலாம், கண் மூடாமல் போகலாம். சைனஸ் அறுவையிலும் இதே அபாயம் உண்டு. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்புதான். அதைத் தாண்டி ரத்தம் கசிந்து, உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும்.

இத்தனை நுட்பமான வேலைக்கு ஒருவரைத் தகுதியானவர் என்று எதை வைத்து அறிவிக்கிறோம்? எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ். அல்லது டி.என்.பி. படிப்பில் 3 ஆண்டுகள் பயில வேண்டும். 2020 முதல் தேசியத் தேர்வு வாரியம் 2 ஆண்டு டிப்ளமோவும் நடத்துகிறது. சிறப்புத் தகுதி பெறாதவர் தன்னைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. விதிகளில் பெரிய ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பது தேர்வில்.

எம்.எஸ். இறுதித் தேர்வை நினைத்துப் பாருங்கள். ஆய்வேடு முடிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு. செய்முறை நாளில் ஒரு நோயாளியை விரிவாகவும் சிலரைச் சுருக்கமாகவும் பரிசோதித்து, நோயைச் சொல்ல வேண்டும். டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதருகே வைத்துக் காட்ட வேண்டும். மேசையில் பரப்பிய கருவிகளையும் எலும்பையும் ஸ்கேன் படங்களையும் காட்டிக் கேள்வி கேட்பார்கள். எல்லாம் அவசியமானவையே. ஆனால் அந்தக் கருவியைப் பிடித்து அவர் அறுவை செய்வதைத் தேர்வாளர் பொதுவாகப் பார்ப்பதில்லை. அறுவை மருத்துவர் என்ற பட்டத்தை அறுவையைப் பார்க்காமலே வழங்குகிறோம். இதை இனியும் ஏற்க முடியாது.

எத்தனை அறுவைகளை உடனிருந்து பார்த்தார், எத்தனைக்கு உதவினார், எத்தனையைத் தன் கையால் செய்தார் என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டாமா? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் மின்னணுப் பதிவுக் குறிப்பேட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் குறிப்பேடு எழுதுவது வேறு, அதை வைத்துத் தேர்ச்சி அளிப்பது வேறு. பிரிட்டனில் ஒவ்வொரு முக்கிய அறுவையையும் ஏறத்தாழ எத்தனை முறை செய்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வகுத்திருக்கிறார்கள். பயிற்சியாளரின் கைவேலையை மூத்தவர் நேரில் மதிப்பிட்டுப் பதிய வேண்டும். பட்டம் பெற்ற பின் சுமார் 10 ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. நமக்கு 10 ஆண்டு கட்டுப்படியாகாது. ஆனால் எண்ணிக்கையையும் நேரடி மதிப்பீட்டையும் நாளைக்கே கொண்டுவரலாம்.

தேர்வு நாளில் உயிருள்ள நோயாளி மீது சோதிப்பது சரியல்ல என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் காது மூக்கு தொண்டைத் துறைக்கு வேறு பல துறைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. காது அறுவை மைக்ராஸ்கோப் வழியாகவும் சைனஸ் அறுவை எண்டோஸ்கோப் வழியாகவும் நடக்கிறது. கேமரா பொருத்தினால் கை அசைவு முழுவதும் திரையில் தெரியும். வெட்டி ஒட்டாத அந்தப் பதிவை வெளித் தேர்வாளருக்குக் காட்டச் செலவு பெரிதாக ஆகாது. உடல் தானமாக வந்த எலும்பைத் தேர்வு அறையிலேயே குடையச் சொல்லலாம். அதற்கு மைக்ராஸ்கோப்பும் டிரில்லும் உள்ள பயிற்சிக்கூடம் வேண்டும். அது இல்லாத கல்லூரிக்குக் காது மூக்கு தொண்டைப் பட்ட மேற்படிப்பு இடம் கொடுக்கவே கூடாது.

இந்த அளவுகோல் எல்லோருக்கும் பொது. ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் 58 வகை அறுவைகளைப் பயின்று தாமாகவே செய்யலாம் என்று 2020 நவம்பரில் அறிவிப்பு வந்தபோது அலோபதி மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பர் 11 அன்று வேலைநிறுத்தமும் செய்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது: எங்கே, யாரிடம், எத்தனை அறுவை பயின்றார்கள்? அதே கேள்வியைத் தங்கள் கல்லூரிகளை நோக்கியும் கேட்டிருந்தால் அந்தப் போராட்டத்துக்கு இன்னும் வலு கிடைத்திருக்கும்.

கெடுபிடி கூடினால் மாவட்டங்களுக்கு மருத்துவர் கிடைக்க மாட்டார் என்ற வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் சுமார் 6.3 கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைபாடு இருக்கிறது. தேவை மலையளவு. ஆனால் பட்டம் இருந்தும் காது அறுவை செய்யத் துணிவில்லாத மருத்துவரை நியமித்தால், அவர் நோயாளியைச் சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பிவைப்பார். கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறப்போவது நோயாளிதான்.

மருத்துவராகப் பதிவு செய்வதும் ஒருமுறைச் சடங்காக முடியக் கூடாது. 2023 பதிவு விதிகளின்படி மருத்துவ உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேசிய மருத்துவப் பதிவேட்டுத் தளம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அறுவை மருத்துவர் புதுப்பிக்க வரும்போது, அந்த 5 ஆண்டில் எந்தெந்த அறுவைகளைச் செய்தார், எத்தனையில் சிக்கல் வந்தது என்ற கணக்கையும் கேட்க வேண்டும். அவருடைய சிறப்புத் தகுதி, பெயரைத் தேடும் எவருக்கும் தமிழிலேயே தெரிய வேண்டும்.

இதற்கெல்லாம் டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேர்வை நடத்துவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், மருத்துவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அறுவையின் கேமரா பதிவைப் பார்த்து மதிப்பெண் வழங்கும் முறையை வரும் எம்.எஸ். தேர்விலேயே பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். மாநில அரசு அதற்கான பயிற்சிக்கூடங்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.