கோப்பையில் இல்லாத ஆட்கள்



கோடைகால நிதி சேர்ப்புக்குக் கப் அடிச்சு விக்கலாம் எண்டு போன கூட்டத்தில் முடிவாச்சுது. படம்: நல்லூர்க் கோபுரம், பக்கத்தில் இரண்டு பனை, பின்னால் கடல். (நல்லூருக்குப் பின்னால் எப்ப கடல் வந்தது எண்டு அம்மா கேட்டா. அது வேற கதை.) நான் அப்ப வாயே திறக்கேல்ல. இப்ப எழுதுறன்.

காரணம் ஒரு கோப்பை. அப்பா வந்த புதிதில் ரொறன்ரோ உணவகங்களில் கோப்பை கழுவினவர். இப்பவும் பழைய சாமான் கடையில் பீங்கானைக் கண்டால் திருப்பிப் பின்பக்க முத்திரையைப் பார்ப்பார். ஸ்காபரோவில் இரண்டு டொலருக்கு அவர் வாங்கி வந்தது, நீலத்தில் நயாகரா அச்சடித்த ஆங்கிலேயக் கோப்பை. அதுக்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்ரபோர்ட்ஷயர் தொழிற்சாலைகள் உலகத்தையே கோப்பையில் அச்சடித்து விற்றன. பார்ட்லெட் என்ற ஓவியர் வரைந்த கனடாக் காட்சிகள் 1842இல் புத்தகமாக வந்தன; பொட்மோர் வோக்கர் நிறுவனம் அவற்றை 'பிரிட்டிஷ் அமெரிக்கா' என்ற தொடராக்கியது. ஸ்போட் நிறுவனம் இந்தியாவை 1807இல் வந்த வேட்டைப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. அதன் சாப்பாட்டுக் கோப்பையில் இருப்பது கரடியைக் கொல்லும் காட்சி. எப்படித்தான் சோறு இறங்கிச்சுதோ. இனொக் வூட்டின் தொழிற்சாலை மேற்கு ஆபிரிக்காவின் கேப் கோஸ்ட் கோட்டையைக்கூட விடவில்லை. மனிதர்களை நிலவறையில் அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பல் ஏற்றிய கோட்டை அது. கோப்பையில் பார்த்தால் வடிவான கடற்கரை, சுற்றிவரச் சிப்பி வேலைப்பாடு.

செய்தவர்களும் படத்தில் இல்லை. செப்புத் தகட்டில் செதுக்கிய காட்சியை மெல்லிய தாளில் எடுத்து, அளவாக வெட்டி, ஒருமுறை சுட்ட கோப்பையில் ஒட்டித் தேய்க்க வேண்டும். வெட்டினது சிறுமிகள், ஒட்டினது பெண்கள். பளபளப்புக்காக ஈயக் கரைசலில் கோப்பையை முக்கி எடுத்தவர்களில் பலருக்குக் கை விளங்காமல் போனது. 1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அரச விசாரணையாளர் அங்கே போய்ப் பிள்ளைகளிடமே வாக்குமூலம் எடுத்தார்.

சரி, எங்கட கப்புக்கு வருவம். பனை இருக்குது, பனை ஏறினவர் இல்லை. கோபுரம் இருக்குது, 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள்ள விடச் சொல்லிப் போராடி அடி வாங்கினவை இல்லை. ஊர் ஞாபகமே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. அந்தப் படம் அம்மாவுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் சாதி ஒழிப்புப் பற்றி மடல் மடலாக எழுதிற நாங்கள், ஆட்களைத் துடைச்செடுத்த ஊரைப் பதினைஞ்சு டொலருக்கு விக்கிறது என்ன நியாயம்? "கப்பில அரசியல் போட்டால் விக்காது" எண்டு ஒரு தோழர் சொன்னவர். ஸ்ரபோர்ட்ஷயர் முதலாளிமாரின்ர கணக்கும் உதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை மறுபடி வாக்குக்கு விடச் சொல்லிக் கேக்கப்போறன். மாற்றுப் படம் ஒண்டு கீறி வைச்சிருக்கிறன்: சவர்க்கார நுரைக்குள்ள அப்பாவின்ர இரண்டு கை, நடுவில ஒரு கோப்பை. வந்து பாத்திட்டு வாக்களியுங்கோ.