கட்டுச்சோறு கட்ட ஏன் கூச்சம்?

"பயணத்துல போயி சாப்பாட்டுக் கணக்கா பார்ப்பாங்க?" நம் மாணவர்களிடையே அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடுதியில் அளவாகச் சாப்பிடுபவர்கூடப் பேருந்து ஏறியதும் அந்தக் கணக்கை மூடிவைத்துவிடுகிறார். நெடுஞ்சாலை ஓய்வுத் தளத்தில் ஒரு மீ கோரெங், ஒரு தே தாரிக், மீண்டும் ஏறும்போது கையில் ஒரு டின் பானம். ஆண்டுக்கு ஒரு முறை என்றால் கவலையில்லை. மாதத்திற்கு இரண்டு முறை ஊருக்குப் போய் வருபவருக்கு அதுவே வாடிக்கையாகிவிடுகிறது.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், என்னை அழைத்துப் போக வந்த அப்பாவுடன் கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணிக்கு விரைவுப் பேருந்தில் புறப்பட்டேன். அப்பாவுக்கு இனிப்பு நீர். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வழியில் சாப்பிடலாம்" என்றார். அம்மா கட்டிக் கொடுத்தனுப்பிய புளிச்சோற்றை, பேருந்தில் வாடை வருமே என்று நான்தான் விடுதியிலேயே வைத்துவிட்டு வந்தேன். ரவாங்கைத் தாண்டியதும் நெரிசல். முதல் ஓய்வுத் தளத்தில் இடமில்லாததால் ஓட்டுநர் நிறுத்தவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின. பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார மாதுதான் உடனே ஒரு பொட்டல இனிப்புப் பானத்தைக் கொடுத்தார். அப்பா சற்றுத் தெளிந்ததும் தம் 'பெக்கால்' டப்பாவைத் திறந்து சோற்றையும் பகிர்ந்தார்.

சிலவகை நீரிழிவு மாத்திரைகளை உட்கொண்டவர் உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அன்று அப்பாவைக் காப்பாற்றிய அதே இனிப்புப் பானம், பசிக்காத நேரத்தில் நாம் பொழுதுபோக்காகக் குடிக்கும்போது வேறு வேலை செய்கிறது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானமென்றால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். அதே ஆண்டு ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. ஆனால், கடையில் கலக்கும் தே தாரிக்கிற்கு அந்த வரி இல்லை. அங்கே 'கூராங் மானிஸ்' என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பயண உணவுக்கென்று தமிழில் 'கட்டுச்சோறு' என்று தனிச் சொல்லே இருக்கிறது. அதில் அறிவும் இருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு நம் வெயிலில் விரைவில் ஊசிப்போகும். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு தாங்கும். இன்றைய உடம்புக்கு ஏற்பச் சோற்றைக் குறைத்து, அவித்த கொண்டைக்கடலையும் ஒரு கொய்யாவும் சேர்த்துக்கொள்ளலாம். பெக்கால் எடுத்துவர அந்த மாது கூச்சப்படவில்லை. நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

தண்ணீர் விஷயமும் உண்டு. கழிப்பறைக்கு அஞ்சி, பயணம் முழுவதும் ஒரு மிடறுகூடக் குடிக்காத தோழிகள் பலர். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. பேருந்து எங்கே, எப்போது நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் இந்த அச்சம் பாதி குறையும்.

ஆகவே, நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும்போது, பொட்டல இனிப்புப் பானங்களுக்குப் பதிலாகத் தண்ணீரும் பழமும் வையுங்கள். நிறுத்தங்களின் நேரத்தை முன்பே அறிவியுங்கள். மாத்திரை உட்கொள்வோர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்காக மட்டும் இரண்டு பொட்டலம் இனிப்புப் பானத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்றிரவு வீடு சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சோறு சாப்பிட்டீங்களா?" என்பதுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் பேருந்தில் முதலில் டப்பாவைத் திறப்பவன் நான்தான். வாடை வந்தால் மன்னித்துவிடுங்கள், பசித்தால் கேளுங்கள்.