ஜாவர் சாகத்தான் வேண்டும்

ஜாவர் சீதாராமனை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 1950இல் வந்த ‘ஏழை படும் பாடு’ படத்தில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்ததால் அவரோடு ஒட்டிக்கொண்ட பெயர் அது. மூலக்கதை 1862இல் விக்தோர் ஹ்யூகோ எழுதிய ‘லெ மிசெராப்ள்’. அதைத் தமிழில் தந்தவர் நம் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பள்ளியிலேயே பழக்கமான கதை.

ஜாவர் சட்டம் ஒன்றையே நம்புகிறவர். பல ஆண்டுகள் துரத்திய ழான் வால்ழான் தன் உயிரையே காப்பாற்றியதும் கலங்கிப் போகிறார். அவனைப் பிடிக்கவும் மனமில்லை, விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. சேன் நதியில் குதித்துவிடுகிறார்.

2001இல் பிரான்சுவா செரேசா என்ற எழுத்தாளர் இதற்குத் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள் வெளியிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கோசெத்தும் மரியுசும் என்ன ஆனார்கள் என்ற கதை. அதில் ஜாவர் ஆற்றில் சாகவில்லை. பிழைத்து, மனம் திருந்தியும் விடுகிறார்.

ஹ்யூகோவின் எள்ளுப்பேரன் பியேர் ஹ்யூகோ வழக்குப் போட்டார். பிரெஞ்சுச் சட்டப்படி, காப்புரிமைக் காலம் முடிந்தாலும் நூலின் கௌரவத்தைக் காக்கும் உரிமை முடிவதில்லை. அது வாரிசுகளுக்குப் போகும். 2004இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொடர்ச்சி எழுதுவது எழுத்தாளனின் சுதந்திரம் என்றது. 2008இல் வழக்கு தள்ளுபடியானது.

தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. எழுதக் கூடாது என்று யாரையும் தடுக்கக் கூடாது. கோசெத்தின் காதலை யார் வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளட்டும். ஆனால் ஜாவரைப் பிழைக்க வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம் உண்டு. நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய மனு என் மேசைக்கு வந்தது. கணவர் பெயரில் ஓரெழுத்து வித்தியாசம். விதிப்படி திருப்பி அனுப்பினேன். அந்தம்மா மூன்று முறை நேரில் வந்தார். மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. மறு வருடம் அந்தக் கோப்பு திரும்பி வந்தபோது, மனுதாரர் இறந்துவிட்டார் என்ற குறிப்பு அதில் இருந்தது. நான் விதி எதையும் மீறவில்லை. ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

ஜாவர் பிழைத்துத் திருந்திவிட்டார் என்று படித்தால் என்னைப் போன்றவனுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். செய்ததையெல்லாம் சரிக்கட்ட ஓர் இரண்டாம் பாகம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஹ்யூகோ அந்த ஆறுதலைத் தரவில்லை. உயிரோடு இருக்கும்போதே, கோப்பு கையில் இருக்கும்போதே இரக்கப்படு என்றுதான் அந்த ஆற்றங்கரை அத்தியாயம் எனக்குச் சொல்கிறது. இதை நான் வேலையில் இருந்தபோது புரிந்துகொள்ளவில்லை.