"மாத்திடுங்க சார்!"

"போர்டு போச்சு சார். புதுசா மாத்திடுங்க."

கடைத் தம்பி இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. கூடவே ஓர் இலவச ஆலோசனை: "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்?"

எதற்கென்று சொல்கிறேன். வாதம் வந்தபின் என் மனைவி கீழறையில் படுத்திருக்கிறாள். நான் மாடியில். செல்போனைத் தொட்டால் அவள் விரல் ஓரிடம், திறப்பது வேறிடம். பழைய பட்டன் போன் மட்டும் பழகிய கை. அதனால் ராஸ்பெர்ரி பை 3 என்ற சீட்டுக்கட்டு அளவுப் போர்டில் ஆஸ்டரிஸ்க்கை ஏற்றி வீட்டுக்குள் ஒரு எக்ஸ்சேஞ்ச் வைத்தேன். 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லாமல் தானே எழுதிய இலவச மென்பொருள் அது. அவள் 102 அழுத்தினால் மாடியில் மணி அடிக்கும்.

போன மாதம் கரண்ட் போய் வந்தது. பெட்டி எழவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் இறங்கி வந்தபோது ரிசீவர் அவள் மடியில் கிடந்தது. "நீங்க வேணும்னே எடுக்கலன்னு நெனச்சேன்" என்றாள். இதற்குத்தான் தம்பி, இந்த வயதில் இதெல்லாம்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். தெகார்த் 1637-இல் எழுதிய நூலை வைத்து எங்கள் மெசியே தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது ஒன்றுதான்: சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி. பிறகு சர்க்கார் உத்தியோகம் அதையே வேறு பாஷையில் சொல்லிக்கொடுத்தது. ஃபைல் வரவில்லை என்றால் ஆபீஸை இடிக்க மாட்டோம், எந்த மேசையில் நிற்கிறது என்று பார்ப்போம்.

முதல் மேசை மின்சாரம். இந்தப் போர்டில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணையும். என்னுடையது சிமிட்டிக்கொண்டிருந்தது. 2.5 ஆம்பியர் கேட்கும் போர்டுக்கு நான் கொடுத்திருந்தது பழைய செல்போன் சார்ஜர், அதிலும் நீளமான மெல்லிய ஒயர். குற்றவாளி நானே. சரியான அடாப்டர் வந்ததும் சிவப்பு நிலைத்து நின்றது.

அப்போதும் எழவில்லை. டிவியோடு இணைத்தேன். வரிகள் ஓடின, கார்டிலுள்ள கோப்பு முறையைத் திறக்க முடியவில்லை என்று நின்றன. சிப்பும் கெர்னலும் தங்கள் வேலையை முடித்துவிட்டன, ஃபைல் கார்டில் நிற்கிறது என்று அர்த்தம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் இப்படி ஆகும். கார்டை என் லினக்ஸ் மடிக்கணினியில் செருகி fsck என்பதை, அதாவது எஃப்எஸ்சிகே கட்டளையை, ஓட்டினேன். சரியாயிற்று. விண்டோஸில் செருகுபவர்கள் கவனம்! லினக்ஸ் பகுதி அதற்குப் புரியாது, "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். பழக்கதோஷத்தில் "ஆம்" அமுக்கினால் எல்லாம் போயிற்று.

பச்சை விளக்கு ஒழுங்காகத் துடித்தது. ஆனால் மணி அடிக்கவில்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் பெட்டிக்குப் புது ஐபி எண் கொடுத்திருந்தது. போன்களோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தன, வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுவதுபோல. ரவுட்டரில் அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினேன். முடிந்தது.

மூன்று கோளாறு. மூன்றிலும் போர்டு நிரபராதி. புதுப் போர்டு வாங்கி அதே சார்ஜரில் செருகியிருந்தால்?

மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கார்டு தேயும் பொருள்தான். ஒரு நகல் கார்டு எடுத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதைத்தான் சொல்கிறேன். தம்பியை மட்டும் திட்டவும் வாயில்லை. ஃபைலைத் தேடாமலே "நாளைக்கு வாங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் நான்!

நேற்று மழைக்கு மறுபடி கரண்ட் போய் வந்தது. விளக்கைப் பார்க்க எழுந்தேன், அதற்குள் மணி அடித்தது.

"ஒண்ணுமில்லீங்க, அடிக்குதான்னு பார்த்தேன்."